வாலில் விழுந்த சிறு பள்ளம்

அன்று சனிக்கிழமை. மாலை 4 மணிக்கே வானம் இருட்டிவிட்டது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள அந்தச் சிறிய ஓடுபாதையில் என்னையும் ஒரு கறுப்பு நாயையும் தவிர வேறு யாரும் இல்லை. வெளியே நின்ற மைக்ரோலைட் விமானத்தை மழைக்கு முன் கொட்டகைக்குள் தள்ளிவிட வேண்டும்.

வார நாள்களில் நான் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவன். வார இறுதியில் இந்த ஓடுபாதைக்கு வந்துவிடுவேன். கொட்டகையைக் கூட்டுவது, இறக்கைகளைத் துடைப்பது, எரிபொருள் டின்களைத் தூக்குவது என்று எடுபிடி வேலைகள். பதிலுக்கு அவ்வப்போது எனக்குப் பறக்கச் சொல்லித் தருவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக மாதம் முழுவதும் காத்திருப்பேன்.

விமானத்தைப் பின்னோக்கித் தள்ளும்போது முன்னால் ஒருவர், வாலருகே ஒருவர் என்று இரண்டு பேர் இருக்க வேண்டும். கொட்டகைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் முதல் விதியே அதுதான். ஆனால் மழை வந்துகொண்டிருந்தது. விமானத்தின் எடையோ 200 கிலோ அளவுதான். ஒரே ஆள் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

தள்ளினேன். "டங்" என்று ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வாலின் இடது பக்கப் பின்விளிம்பு, கொட்டகையின் இரும்புத் தூணில் இடித்திருந்தது. விளிம்புக் குழாயில் 20 சென் காசு அளவுக்கு ஒரு பள்ளம். துணி கிழியவில்லை. கையால் அசைத்துப் பார்த்தேன், வழக்கம்போல் அசைந்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. விமானத்தைச் சரியாக நிறுத்தி, கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

மறுநாள் காலை 7 மணிக்கு அந்த விமானத்தின் உரிமையாளர், வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியிருந்த தன் மகளை ஏற்றிக்கொண்டு பறப்பதாக இருந்தது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் எல்லாருக்கும் அவர் "சார்".

அன்று இரவு அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. சின்னப் பள்ளம்தானே என்று ஒரு மனம் சொன்னது. சொன்னால் இனி விமானத்தைத் தொடவே விடமாட்டார்கள் என்றும் அதே மனம் சொன்னது. 9.40 மணிக்குத்தான் கைப்பேசியை எடுத்தேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை சார் எதுவும் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்தப் பக்கம் தம்பி?"

"இடது பக்கம் சார். எலிவேட்டர்."

"சரி. காலையில் நாம் பறக்க வேண்டாம். அங்கிளை வரச் சொல்கிறேன். நீயும் வந்துவிடு."

வால் என்ன செய்கிறது?

எலிவேட்டர் என்றதும் அடுக்குமாடி மின்தூக்கியை நினைத்துக்கொள்ள வேண்டாம். விமானத்தின் வாலில் படுக்கை வசமாக ஒரு சிறிய இறக்கை இருக்கும். அதன் முன்பகுதி அசையாது. பின்பகுதி கதவைப்போல் கீல்களில் தொங்கி, மேலும் கீழும் அசையும். அந்த அசையும் பகுதிதான் எலிவேட்டர். செங்குத்தாக நிற்கும் பகுதியின் பின்னால் அசைவது சுக்கான். படகில் இருப்பதுபோல அது மூக்கை இடமும் வலமும் திருப்பும்.

விமானி கட்டுப்பாட்டுக் கோலைத் தன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழும். காற்று வாலைக் கீழே அழுத்தும், மூக்கு உயரும். கோலை முன்னால் தள்ளினால் எலிவேட்டர் கீழே இறங்கும், வால் உயர்ந்து மூக்கு தாழும். ஏறுவதும் இறங்குவதும் மட்டுமல்ல, விமானத்தின் வேகமும் இந்தச் சின்னப் பலகையின் கையில்தான் இருக்கிறது. மூக்கு அளவுக்கு மேல் உயர்ந்தால் வேகம் குறையும். வேகம் மிகவும் குறைந்தால் இறக்கை தாங்கும் சக்தியை இழந்துவிடும்.

இவ்வளவு சிறிய பலகைக்கு அவ்வளவு பலம் எப்படி வந்தது? வீட்டுக் கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கைவைத்துத் தள்ளிப் பாருங்கள். பிறகு கைப்பிடிப் பக்கம் தள்ளிப் பாருங்கள். கைப்பிடிப் பக்கத்தில் ஒரு விரலே போதும். விமானத்தின் எடை நடுவில் இருக்கிறது, வால் தூரத்தில் இருக்கிறது. அதனால் வாலில் விழும் சிறிய விசையும் முழு விமானத்தையும் அசைத்துவிடும். வாலில் ஏற்படும் சிறு கோளாறுக்கும் அதே கணக்குதான்.

மைக்ரோலைட்டில் இந்த வால் அலுமினியக் குழாய்களால் ஆன சட்டம்தான். அதன்மேல் டாக்ரான் துணி உறைபோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். பாய்மரப் படகுகளில் பயன்படும் அதே வகைப் பாலியெஸ்டர் துணி. மெல்லிய எஃகுக் கம்பிகள் நான்கு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும். பார்க்கப் பட்டம் மாதிரி இருக்கும். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு குழாயும் கணக்குப் போட்டு வைத்தது. உபரியாக எதுவும் கிடையாது.

துணியைக் கழற்றியபோது

ஞாயிறு காலை அங்கிள் வந்தார். விமானப் படையில் பல ஆண்டுகள் தொழில்நுட்பராக இருந்தவர். எங்கள் ஓடுபாதை விமானங்களின் பழுதுபார்ப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பு அவருடையது. பள்ளத்தை நான் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"இடித்தது இங்கே. ஆனால் இடி எங்கே போய் நின்றது? அதைத்தான் தேட வேண்டும்" என்றார்.

பின்விளிம்பில் பட்ட அடி, எலிவேட்டரின் சட்டம் வழியாக முன்னால் போய்க் கீல்களைத் தள்ளியிருக்கும். கீல்கள் அசையாத பகுதியின் பின்குழாயைத் தள்ளியிருக்கும். நடுவில், கேபிள் இணைந்திருக்கும் கொம்பு போன்ற உலோகத் துண்டை முறுக்கியிருக்கும். அடி பட்ட இடம் வேறு, காயம் பட்ட இடம் வேறு.

கழற்றுவதற்கு முன் அளந்தோம். இடது வால் முனையிலிருந்து இடது இறக்கையில் ஒரு புள்ளிக்கும், வலது வால் முனையிலிருந்து வலது இறக்கையில் அதே புள்ளிக்கும் நாடா பிடித்தோம். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. பிறகு ஒவ்வோர் இணைப்பையும் படம் எடுத்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு சீட்டு எழுதி, தனித்தனி பிளாஸ்டிக் பைகளில் போட்டோம். இந்த வேலைக்கே அரை நாள் ஆனது. எனக்குப் பொறுமை இல்லை. "கழற்றுவது எவனுக்கும் தெரியும். திரும்ப அதேபோல் மாட்டத்தான் இந்தச் சீட்டு" என்றார் அங்கிள்.

துணி உறையைக் கழற்றியதும் வெளிப்புறக் கீல் லேசாக வளைந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. கீலைப் பிடித்திருந்த போல்ட்டை எடுத்தோம். குழாயில் இருந்த வட்டத் துளை சற்றே நீள்வட்டமாக மாறியிருந்தது. அதைச் சுற்றி எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. அங்கிள் அந்த இடத்தை நன்றாகத் துடைத்து, ஒரு சிவப்புச் சாயத்தைத் தெளித்தார். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேலே இருந்த சாயத்தைச் சுத்தமாகத் துடைத்தார். பிறகு வெள்ளைப் பொடி போன்ற ஒன்றைத் தெளித்தார்.

வெள்ளைப் பரப்பில் துளையின் ஓரத்திலிருந்து முடி அளவில் ஒரு சிவப்புக் கோடு மெதுவாக எழுந்து வந்தது. சாயம் விரிசலுக்குள் இறங்கியிருக்கிறது; வெள்ளைப் பொடி அதைத் திரும்ப வெளியே உறிஞ்சி எடுக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தப்பும் மேற்பரப்பு விரிசல்களைக் கண்டுபிடிக்க விமானப் பணிமனைகளில் பரவலாகச் செய்யும் சோதனை இது.

சார் அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தார். அவருடைய மகளும் பார்த்தார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

நிமிர்த்தினால் ஆகாதா?

"வளைந்த கீலைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தை உள்ளிருந்து தள்ளிவிட்டால் போதாதா?" என்று கேட்டேன். தொழிற்சாலையில் நாங்கள் அன்றாடம் செய்வதுதான்.

அங்கிள் ஒரு காலிக் குளிர்பான டின்னைத் தரையில் நிறுத்தி, மெதுவாக அதன்மேல் ஒரு காலை ஊன்றி நிற்கச் சொன்னார். நின்றேன், டின் தாங்கியது. பிறகு அவர் குனிந்து இரண்டு குச்சிகளால் டின்னின் பக்கங்களை லேசாகத் தட்டினார். அந்தக் கணமே டின் நசுங்கி என் கால் தரையில் இருந்தது. மெல்லிய சுவருள்ள குழாயின் பலம் அதன் வட்ட வடிவத்தில் இருக்கிறது. வடிவம் கொஞ்சம் கெட்டாலும் அழுத்தம் வரும்போது அந்த இடத்தில்தான் அது மடங்கும்.

நிமிர்த்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிறு விமானங்களில் அதிகம் பயன்படும் அலுமினியக் கலவைகளில் ஒன்று 6061-டி6. டி6 என்பது அந்த உலோகத்துக்குக் கொடுத்த பதத்தைக் குறிக்கும். முதலில் அதிக வெப்பத்தில் வைத்து, சட்டென்று குளிரவைத்து, மறுபடியும் மிதமான வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து அந்தப் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதை ஒருமுறை வளைத்துத் திரும்ப நிமிர்த்தினால் அந்த இடம் மேலும் கடினமாகி விரிசல் விடத் தொடங்கும். கம்பியை மாற்றி மாற்றி வளைத்து உடைப்போமே, அதே கதை. எளிதாக வளையட்டும் என்று நெருப்பைக் காட்டினால் இன்னும் மோசம். பதம் முழுவதும் போய்விட்டால் அந்த உலோகம் வளையாமல் தாங்கும் பலம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பார்க்க மட்டும் புதிதுபோலவே பளபளக்கும்.

மேலே ஒரு தகடு வைத்து ஒட்டுப் போடலாமா? வாலில் அதற்கும் யோசிக்க வேண்டும். எடை நடுவிலிருந்து 3 மீட்டர் தள்ளி வாலில் 200 கிராம் கூட்டினால், 1 மீட்டர் தூரத்தில் 600 கிராம் கூட்டியதற்குச் சமம். விமானம் பின்பக்கம் கனத்துப்போகும். அதோடு, கீலுக்குப் பின்னால் எடை கூடினால் குறிப்பிட்ட வேகத்தில் எலிவேட்டர் கொடி மாதிரி படபடக்கத் தொடங்கலாம். அந்தப் படபடப்பு சில நொடிகளில் வாலையே பிய்த்துவிடக்கூடியது.

ஆகவே முடிவு எளிது. விளிம்புக் குழாய், பின்குழாய், கீல், அந்த இணைப்புகளின் போல்ட்டுகள் எல்லாவற்றுக்கும் தயாரிப்பாளரிடமிருந்தே புதியவை. வந்து சேர மூன்று வாரம் ஆனது.

போல்ட்டும் கேபிளும்

காத்திருந்த வாரங்களில் அங்கிள் எனக்குப் பாடம் நடத்தினார். ஹார்ட்வேர் கடையில் வாங்கிய ஒரு போல்ட்டையும் விமான போல்ட்டையும் கையில் கொடுத்து வித்தியாசம் சொல்லச் சொன்னார். கடை போல்ட்டில் மரை கிட்டத்தட்ட தலைவரை ஓடுகிறது. விமான போல்ட்டில் பாதிக்கு மேல் வழவழப்பான தண்டு; மரை நுனியில் மட்டும். துளைக்குள் வழவழப்பான பகுதிதான் உட்கார வேண்டும். மரை உட்கார்ந்தால் அது அரம்போல் அலுமினியத்தைத் தின்று, துளையைப் பெரிதாக்கும்.

நட்டிலும் அப்படித்தான். உள்ளே நைலான் வளையம் உள்ள நட் அதிர்வில் தளராது. ஆனால் போல்ட்டே சுழல நேரும் இணைப்புகளில், அதாவது கேபிள் முனை, கொம்பு போன்ற இடங்களில் அதை நம்பக்கூடாது. அங்கே கோட்டை மதில்போல் வெட்டுள்ள நட்டைப் போட்டு, குறுக்கே ஸ்பிலிட் பின் செருகி மடக்க வேண்டும். அந்தப் பின் இருந்தால் நட் கழன்று விழ வழியே இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிட்ட ஏசி 43.13-1பி என்ற தடித்த கையேட்டில் இவையெல்லாம் படத்துடன் இருக்கின்றன. தயாரிப்பாளரின் புத்தகம் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறதோ அதற்கு அங்கிள் புரட்டுவது அந்தக் கையேட்டைத்தான். பக்கங்களின் ஓரம் எல்லாம் எண்ணெய்க் கறை.

கேபிள்களையும் சோதித்தோம். எலிவேட்டர் கேபிள் 3.2 மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனால் அதற்குள் 19 கம்பிகள் கொண்ட 7 புரிகள், மொத்தம் 133 மெல்லிய கம்பிகள் முறுக்கப்பட்டிருக்கின்றன. கப்பிகளில் சுலபமாக வளைந்து ஓடத்தான் இப்படி. அங்கிள் ஒரு பழைய பருத்தித் துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து நீளவாக்கில் இழுக்கச் சொன்னார். ஒரு கப்பிக்கு அருகில் துணி சிக்கி நின்றது. அந்த இடத்தைத் தளர்த்தி லேசாக வளைத்ததும் அறுந்த கம்பிகள் முள் மாதிரி வெளியே நீட்டின.

இது என் இடியால் வந்ததல்ல. பல மாதங்களாகத் தேய்ந்து வந்தது. நான் இடிக்காமல் இருந்திருந்தால் அடுத்த ஆண்டுச் சோதனைவரை யார் கண்ணிலும் பட்டிருக்காது. எனக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப்பார்த்தது.

அங்கிள் என் முகத்தைப் படித்துவிட்டார். "அதற்காக உனக்கு மாலை போடமாட்டேன்" என்றார்.

21 பேர்

சிறு விமானத்துக்கு மட்டும் இவ்வளவு பத்தியமா என்று தோன்றலாம். பெரிய விமானங்களின் வரலாற்றிலும் வாலின் பாடம் இரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி, அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் உள்ள ரைட் பீல்ட் தளத்தில் போயிங் 299 என்ற புதிய நான்கு இயந்திர விமானம் சோதனைக்காகப் புறப்பட்டது. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வால் பலகைகளைப் பூட்டி வைப்பார்கள். அந்தப் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். விமானம் எழும்பியது, மூக்கு நிமிர்ந்துகொண்டே போனது, விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அனுபவம் மிக்க விமானியும் மறப்பார் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் புறப்படும் முன் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் பட்டியல் முறை விமானத் துறையில் நிலைபெற்றது.

இன்னொன்று நம் காலத்தது. 2003ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி, வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரிலிருந்து ஏர் மிட்வெஸ்ட் 5481 புறப்பட்டது. பீச்கிராப்ட் 1900டி ரக விமானம், 21 பேர். எழும்பியதும் மூக்கு மேலே மேலே போனது. விமானிகள் கோலை முழு பலத்தோடு முன்னால் தள்ளினார்கள். எலிவேட்டர் போதிய அளவு இறங்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, விமானம் அங்கிருந்த ஒரு கொட்டகையில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

சில நாள்களுக்கு முன் நடந்த பராமரிப்பில் எலிவேட்டர் கேபிளின் டர்ன்பக்கிள், அதாவது கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் திருகு, தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்தது. அதனால் மூக்கைத் தாழ்த்தும் திசையில் எலிவேட்டர் பாதி அளவுதான் அசைந்தது. கையேட்டில் இருந்த சில படிகள் செய்யப்படாமல் விடப்பட்டிருந்தன. அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரே அதைச் சோதித்து ஒப்புதல் தருபவராகவும் இருந்தார். அந்த விமானம் அதன்பிறகு ஒன்பது முறை பறந்து பத்திரமாக இறங்கியிருந்தது. பத்தாவது முறை எடை அதிகமாகவும் பின்பக்கம் கனமாகவும் இருந்தது. ஒன்பது முறை மறைந்திருந்த குறை அன்றுதான் வெளியே வந்தது.

இதை அங்கிள் சொன்னபோது எனக்கு அந்தச் சனிக்கிழமை மாலை நினைவுக்கு வந்தது. கையால் அசைத்துப் பார்த்தேன், வழக்கம்போல் அசைந்தது என்றுதானே நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்? என் விரிசலும் ஒன்பது முறை தாங்கியிருக்கலாம். முதல் முறையே தாங்காமலும் போயிருக்கலாம். அந்த முதல் முறையில் சாரின் மகள் பக்கத்து இருக்கையில் இருந்திருப்பார்.

இரண்டாவது கண்

பாகங்கள் வந்தன. புதிய குழாய்களில் துளையிடுவதற்கு முன், பழைய குழாயைப் பக்கத்தில் வைத்து மூன்று முறை அளந்தோம். முதலில் சிறிய துளை, பிறகு சரியான அளவு, கடைசியில் துளையின் ஓரங்களில் உள்ள பிசிறுகளை எடுப்பது. ஒரு சிறு பிசிறிலிருந்துகூட அடுத்த விரிசல் பிறக்கலாம். குழாய் நசுங்காமலிருக்க உள்ளே ஓர் உறைக்குழாய். போல்ட்டை அளவாக இறுக்குவது, பலம் காட்டக்கூடாது.

புதிய கேபிளின் முனையை வளைத்து, உலோகக் குப்பியைப் போட்டு அழுத்திய பிறகு, அதற்கென்று உள்ள அளவுகோலைப் பொருத்திப் பார்த்தோம். அளவுகோல் நுழைந்தால் அழுத்தம் சரி, நுழையாவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும். எனக்கு முதல் இரண்டும் நுழையவில்லை. டர்ன்பக்கிளில் உருளைக்கு வெளியே மூன்று மரைகளுக்கு மேல் தெரியக்கூடாது. சரிசெய்து முடித்ததும் அது தானாகத் திரும்பாதபடி கம்பியால் கட்ட வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு எலிவேட்டர் மேலே எத்தனை பாகை, கீழே எத்தனை பாகை போகிறது என்று அளந்து தயாரிப்பாளரின் புத்தகத்தோடு ஒப்பிட்டோம். வால் முனைகளிலிருந்து மறுபடியும் நாடா பிடித்தோம். இந்த முறை இரண்டு பக்கமும் சமம்.

பிறகு நான் இருக்கையில் உட்கார்ந்தேன். அங்கிள் வாலுக்குப் பின்னால் நின்றார்.

"கோல் பின்னால்" என்று நான் கத்தினேன்.

"எலிவேட்டர் மேலே" என்று அவர் பதில் சொன்னார்.

"கோல் முன்னால்."

"எலிவேட்டர் கீழே."

சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. ஆனால் கேபிள்களை மாற்றி மாட்டி, கோலை இழுத்தால் மூக்கு தாழும்படி செய்துவிட்ட சம்பவங்கள் விமானத் துறையில் நடந்திருக்கின்றன. அசைகிறதா என்று பார்த்தால் போதாது. சரியான திசையில் அசைகிறதா என்று பார்க்க வேண்டும்.

வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அங்கிள் கையெழுத்துப் போடவில்லை. வேறொரு ஓடுபாதையிலிருந்து தன் நண்பரை வரவழைத்தார். கட்டுப்பாட்டு அமைப்பைக் கழற்றி மாட்டினால், அந்த வேலையில் கை வைக்காத இன்னொருவர் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பது விமானப் பராமரிப்பில் வேரூன்றிய வழக்கம். வந்தவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் டார்ச் விளக்கோடு வாலைச் சுற்றி வந்தார். ஓர் இடத்தில் நின்று, "இந்தப் பின் மடக்கவில்லையே" என்றார்.

செருகியிருந்தேன். மடக்க மறந்திருந்தேன். அங்கிளும் நானும் அந்த இடத்தைக் குறைந்தது பத்து முறை பார்த்திருப்போம்.

அங்கிளின் முகம் சுருங்கியது. என்மேல் கோபம் இல்லை என்பது புரிந்தது. "இதற்குத்தான் இவரைக் கூப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார். பின்னை மடக்கிய பிறகு இருவரும் பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள்.

தூண்

செலவுக் கணக்கு ஏறக்குறைய என் ஒரு மாதச் சம்பளம். உறையில் பணத்தைப் போட்டு சாரிடம் நீட்டினேன். அவர் எண்ணி, பாதியைத் திருப்பிக் கொடுத்தார். "அன்று உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனது நான். பாதி என்னுடையது" என்றார். மீதிப் பாதியை அவர் வாங்கிக்கொண்டதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இன்றும் உறுத்தியிருக்கும்.

முதல் பறப்பில் சார் தனியாகப் போனார். முதலில் ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒரு வட்டம். இறங்கியதும் அங்கிள் போய் வாலின் ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி தொட்டுப் பார்த்தார். புதிய கேபிள் கொஞ்சம் நீளும், அதனால் முதல் சில மணி நேரப் பறப்புக்குப் பிறகும் அதன் இழுவிசையைப் பார்க்க வேண்டும். அதற்கடுத்த வாரம்தான் சாரின் மகள் ஏறினார். அவர் ஏறுவதற்கு முன் வாலருகே போய், இடது பக்க எலிவேட்டரைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது கொட்டகைத் தூணில் பழைய டயரை வெட்டிக் கட்டியிருக்கிறோம். சாயக் கோடு தெரிந்த அந்தக் குழாய்த் துண்டு அதே தூணில் ஓர் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் அதன் கதையைச் சொல்கிறேன். யார் இடித்தது என்பதையும் சேர்த்துத்தான்.

போன மாதம் இங்கே உதவிக்கு வரும் கல்லூரி மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். "அண்ணே, ஏணியைத் தூக்கும்போது சுக்கானில் பட்டுவிட்டது. ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் வந்து பார்க்கிறீர்களா?"

போய்ப் பார்த்தேன். துணியில் ஒரு கரும்புள்ளி, ஏணிக் காலின் ரப்பர்க் கறை. கீல், கொம்பு, கேபிள், குழாய் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். அங்கிளையும் கூப்பிட்டுக் காட்டினேன். உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை.

அவன் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். நான் அவன் தோளில் தட்டி, மாமாக் கடையில் ஒரு தே தாரே வாங்கிக் கொடுத்தேன்.